காசநோய் ஆய்வில் பிஎச்டி முடியப்போகிறது: போஸ்ட்டாக்குக்கு எங்கே, எப்படிப் போவது?

காவேரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்டியின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். சர்க்கரை நோயும் காசநோயும் சேர்ந்து வருகிறவர்களின் உடலில் டி செல்கள் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் என் தலைப்பு. சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுத்தாகிவிட்டது, தீசிஸ் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை வெளிவந்திருக்கிறது, இன்னொன்று ரிவ்யூவில் இருக்கிறது. செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி நன்றாக வரும். எலியில் வேலை செய்த அனுபவம் இல்லை.

வயது 31. கணவர் வங்கியில் இருக்கிறார், மகளுக்கு மூன்று வயது. அடுத்தது போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிறகு ஓர் ஆய்வகத்தில் சில ஆண்டு செய்யும் ஆய்வுப் பணி. "அமெரிக்கா போ, இல்லையென்றால் போஸ்ட்டாக்கே வேண்டாம்" என்கிறார் என் கைடு. வீட்டில் சென்னையைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். வெளிநாட்டில் எனக்கு ஒருவரையும் தெரியாது. எந்த ஃபெல்லோஷிப்புக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், கணவரும் மகளும் கூட வர முடியுமா, திரும்பி வந்தால் இங்கே இடம் இருக்குமா, இவைதான் என் கேள்விகள். இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி:

காவேரி, நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தீசிஸ் கொடுத்துவிட்டுத் தேடலாம் என்று இருந்தால் ஒரு வருடம் சும்மா போய்விடும்.

நான் அமெரிக்காவில் போஸ்ட்டாக் முடித்துவிட்டு இப்போது இந்தியாவில் சொந்த ஆய்வகம் வைத்திருக்கிறேன். இப்போது என்னிடம் போஸ்ட்டாக் கேட்டு வருகிறவர்களுக்கும் ஒன்றைத்தான் சொல்கிறேன். நாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஆய்வகத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் முன்னால் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த பத்து வருடம் எந்தக் கேள்வியோடு வாழப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு இன்று யாரெல்லாம் உண்மையாக வேலை செய்கிறார்கள் என்று தேடினால், உலகம் முழுக்கப் பதினைந்து இருபது ஆய்வகங்கள் தேறும். அவற்றில் பாதி நீங்கள் நினைத்தே பார்க்காத ஊர்களில் இருக்கும்.

உங்கள் துறையையே பாருங்கள். மனித நுரையீரல் திசுவில் காசநோயை நேரடியாகப் படிக்க வேண்டுமென்றால் டர்பனில் இருக்கும் ஆப்பிரிக்க சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்தை ஒதுக்கிவிட முடியாது. தடுப்பூசி என்றால் கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் காசநோய்த் தடுப்பூசிக் குழு இருக்கிறது. எம்72 என்ற புதிய காசநோய்த் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில்தான் தொடங்கியது, 20,000 பேர் வரை அதில் சேர்க்கத் திட்டம். நம் ஊரில் யாரும் போஸ்ட்டாக்குக்குத் தென்னாப்பிரிக்காவை யோசிப்பதில்லை. நோய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நல்ல மாதிரிகளும் நல்ல கேள்விகளும் இருக்கும்.

அப்புறம், ஓர் ஆய்வகத்தைப் பிடித்துவிட்டது என்றால் முதலில் பார்க்க வேண்டியது அங்கே முன்பு இருந்த போஸ்ட்டாக்குகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதை. அந்தத் தலைவர் எத்தனை பெரிய இதழில் எழுதுகிறார் என்பதெல்லாம் பிறகு. அந்த ஆய்வகத்தின் ஐந்து வருடத்துக்கு முந்தைய கட்டுரைகளை எடுங்கள். முதல் ஆசிரியர் பெயர்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் தேடுங்கள். பாதிப் பேராவது ஆய்வுத் தலைவராகவோ நல்ல நிறுவனத்தில் விஞ்ஞானியாகவோ இருந்தால் நம்பிப் போகலாம். ஒருவர் பெயரும் வேறெங்கும் தட்டுப்படவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் யோசியுங்கள். போகும்போது ஆய்வின் ஒரு பகுதியைக் கையோடு எடுத்துப் போக விடுவாரா என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள். அதைக் கேட்பதில் தப்பே இல்லை.

பெர்லின்_மழை:

நுண்ணோக்கி சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஐரோப்பா பக்கத்தை நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி க்யூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப். எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம். பிஎச்டி முடித்து எட்டு ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும், மகப்பேறு விடுப்பை அந்த எட்டில் கழித்துக்கொள்வார்கள். போகப்போகும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இந்தியாவிலிருந்து நேராக வருகிறவருக்கு அது பிரச்சினையே இல்லை. வழக்கமாக செப்டம்பரில் கடைசித் தேதி வரும், பிப்ரவரி வாக்கில் முடிவு. சம்பளம் வேலை ஒப்பந்தமாகவே வரும், குடும்பம் இருந்தால் அதற்குத் தனிப்படி உண்டு.

ஆனால் போட்டி கடுமையாகிவிட்டது. 2024-ல் 10,360 விண்ணப்பம் வந்தது, 2025-ல் 17,058. ஒரே வருடத்தில் இப்படி ஏறியதற்கு அமெரிக்காவில் நடப்பதும் ஒரு காரணம் என்று இங்கே எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அதனால் ஆகஸ்டில் எழுத உட்கார்ந்தால் வேலைக்கு ஆகாது. மார்ச்சிலேயே ஆய்வகத் தலைவரோடு பேசி, ஏப்ரல் மே மாதத்தில் முதல் வரைவு கையில் இருக்க வேண்டும். கிடைக்காமல் போனாலும் 85 மதிப்பெண்ணுக்கு மேல் வாங்கியவர்களுக்கு ஒரு தரச் சான்று தருகிறார்கள். சில நாடுகள் அதை வைத்தே தங்கள் சொந்த நிதியைக் கொடுக்கின்றன.

எம்போ (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பு) தரும் ஃபெல்லோஷிப் இரண்டு ஆண்டுக்கு. பிஎச்டி முடித்த கையோடு விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு ஆண்டு தாண்டினால் கதவு மூடிவிடும். முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை வேண்டும். காவேரி, ரிவ்யூவில் இருக்கும் அந்த இரண்டாவது கட்டுரையை, இதழில் வருவதற்கு முன்பே எல்லோரும் படிக்கும்படி, இன்றே இணையத்தில் முன்பதிப்பாகப் போடுங்கள். இந்தியா 2016 முதல் எம்போ அமைப்பின் இணை உறுப்பு நாடு என்பதால் வாய்ப்பு நமக்குத் திறந்தே இருக்கிறது. ஸ்ட்ராஸ்பர்கில் இருக்கும் ஹெச்எஃப்எஸ்பி என்ற பன்னாட்டு ஆய்வு நிதி அமைப்பு மூன்று ஆண்டு கொடுக்கிறது, ஆனால் பிஎச்டியில் செய்ததிலிருந்து நன்றாக விலகிய புதுத் திட்டமாக இருக்க வேண்டும். உங்களுக்கு அது பொருந்தலாம். நோயெதிர்ப்பிலிருந்து வளர்சிதை மாற்றத்தின் பக்கம் போக நினைத்தால் அதையே திட்டமாக எழுதலாம். ஜெர்மனியின் ஹும்போல்ட் ஃபெல்லோஷிப்புக்கு வருடம் முழுவதும் விண்ணப்பிக்கலாம், கடைசித் தேதி என்று ஒன்று இல்லை. குழந்தையோடு தீசிஸ் எழுதுகிறவருக்கு அதுவே பெரிய நிம்மதி.

கணவர் விஷயம். ஜெர்மனியில் குடும்ப விசாவில் வருகிறவர் வந்த உடனே வேலை பார்க்கலாம், தனி அனுமதி தேவையில்லை. ஆனால் வங்கி வேலைக்கு ஜெர்மன் மொழி வேண்டும், அதை மறைக்கக் கூடாது. மகளுக்கு குழந்தைக் காப்பகம் பெர்லினில் கட்டணம் இல்லை, சாப்பாட்டுக்கு மட்டும் சிறிது கட்ட வேண்டும். இடம் கிடைப்பதுதான் பாடு. ஆய்வகம் உறுதியான அன்றே காப்பகத்துக்கும் எழுதிப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று இருக்கிறது. இங்கே அரசு ஆய்வு ஒப்பந்தங்களுக்கு உச்சவரம்பு உண்டு. பிஎச்டிக்குப் பிறகு ஆறு ஆண்டு, மருத்துவத் துறையில் மட்டும் ஒன்பது. அதற்குள் நிரந்தர இடம் கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். 2021-ல் இதை எதிர்த்து "நான் ஹன்னா" என்ற முழக்கத்தோடு ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் இணையத்தில் எழுதினார்கள். சட்டம் இன்னும் பெரிதாக மாறவில்லை. வருவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

வடசென்னைக்காரன்:

ஐரோப்பா எல்லாம் சரி. ஆனால் இந்தியாவில் ஐஐடி, ஐசர் மாதிரி இடங்களில் பேராசிரியர் வேலைக்கு உட்காரும்போது அமெரிக்க போஸ்ட்டாக்குக்குத்தான் மதிப்பு. கைடு சொன்னது அனுபவத்தில் சொன்னது. அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

நுண்ணோக்கி:

நண்பரே, தேர்வுக்குழுவில் நானும் உட்கார்கிறேன். நாங்கள் பார்ப்பது இந்த ஆளுக்குச் சொந்தமாக ஒரு கேள்வி இருக்கிறதா, நாளைக்கே நிதி கொண்டுவர முடியுமா என்பதைத்தான். அமெரிக்காவில் நல்ல ஆய்வகங்கள் அதிகம் என்பதால் அங்கிருந்து வருகிறவர்கள் அதிகம், அவ்வளவுதான்.

இருந்தாலும் அமெரிக்கா பற்றி முழு விவரம் தெரிந்து முடிவெடுப்பது நல்லது. அங்கே பெரும்பாலான போஸ்ட்டாக் சம்பளம் என்ஐஹெச் (அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிதி அமைப்பு) நிர்ணயிக்கும் தொகையை ஒட்டியே போகும். 2024-ல் அனுபவமே இல்லாதவருக்கு வருடத்துக்கு 61,008 டாலர் என்று உயர்த்தினார்கள். கேட்க நன்றாக இருக்கும். பாஸ்டனிலோ சான்ஃபிரான்சிஸ்கோவிலோ குடும்பத்தோடு இருந்தால் வாடகையும் குழந்தைக் காப்பகமும் அதை முழுதாக விழுங்கிவிடும். அதே சம்பளத்தில் ஹூஸ்டனிலோ செயின்ட் லூயிஸிலோ கௌரவமாக வாழலாம், இரண்டு ஊரிலும் நோயெதிர்ப்பு ஆய்வு பலமாகவே இருக்கிறது.

என்ஐஹெச்சின் எஃப்32, டி32 என்ற போஸ்ட்டாக் நிதிகள் இரண்டும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் பச்சை அட்டைக்காரர்களுக்கும் மட்டும். நம்மைப் போன்றவர்களுக்கு இருப்பது கே99 என்ற நிதி. போஸ்ட்டாக் தொடங்கி நான்கு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தால் ஒன்றிரண்டு ஆண்டு வழிகாட்டியோடு, அப்புறம் மூன்று ஆண்டு சொந்தமாக. அது கையில் இருந்தால் பல்கலைக்கழகங்கள் தேடி வரும்.

விசா பெரும்பாலும் ஜே-1, ஐந்து ஆண்டு வரை. கணவர் ஜே-2 என்ற குடும்ப விசாவில் வந்து வேலை அனுமதி வாங்கிக்கொள்ளலாம். முன்பெல்லாம் இந்தியர்களுக்கு இரண்டு ஆண்டு ஊர் திரும்பும் கட்டாயம் பெரிய தலைவலியாக இருந்தது. எந்த நாட்டுக்காரர், எந்தத் துறையினர் அப்படித் திரும்ப வேண்டும் என்று சொல்லும் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். ஆனால் இந்திய அரசோ அமெரிக்க அரசோ நேரடியாகப் பணம் கொடுத்து அனுப்பினால் கட்டாயம் இன்னும் உண்டு, விசாத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். ஒருமுறை ஜே-1 ஆய்வாளர் காலம் முடிந்தால் அதே வகையில் மறுபடி வர 24 மாதம் காத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மட்டும் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வரி விஷயம் ஒன்று, பலருக்குத் தெரியாது. இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தில் ஆய்வாளருக்கு இரண்டு ஆண்டு வரை வருமான வரி விலக்கு உண்டு. தங்குவது இரண்டு ஆண்டைத் தாண்டிவிட்டால் அந்த விலக்கு முதல் நாளிலிருந்தே போய்விடும், மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். மூன்று நான்கு ஆண்டு இருக்கப் போகிறீர்கள் என்றால் தொடக்கத்திலிருந்தே வரி கட்டிவிடுவது உத்தமம்.

இன்றைய நிலைமையையும் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில் மறைமுகச் செலவுக்கு (கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்கு) 15 சதவீதத்துக்கு மேல் தர மாட்டோம் என்று என்ஐஹெச் அறிவித்தது, நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. நிறைய ஆய்வு நிதிகள் நடுவிலேயே ரத்தாயின. அதே செப்டம்பரில் புதிய ஹெச்-1பி வேலை விசா மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று உத்தரவு வந்தது. அதனால் ஜே-1 முடிந்து ஹெச்-1பிக்கு மாறலாம் என்று கணக்குப் போட்டு யாரும் போக வேண்டாம். ஆய்வகத் தலைவரிடம் உங்கள் நிதி எந்த மாதம் முடிகிறது, என் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். நல்ல மனிதர் நேராகப் பதில் சொல்வார்.

செங்கை:

எல்லோரும் கப்பல் ஏற்றிவிடப் பார்க்கிறீர்கள். காவேரியின் தலைப்பைக் கொஞ்சம் பாருங்கள். சர்க்கரையும் காசநோயும். அந்த நோயாளிகள் இங்கேதான் இருக்கிறார்கள்.

சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-ல் தொடங்கியது. காசநோய்க்காரரை மலை ஊர் மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதும் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது அங்கே நடந்த ஆய்வு. மெட்ராஸின் குடிசைகளில் இருந்தவர்களை வைத்து நடந்த ஆய்வு அது. உலகம் முழுக்கக் காசநோய் சானடோரியங்கள் மூடப்பட்டதில் அதற்குப் பங்கு உண்டு. எங்கள் செங்கல்பட்டில் 1968-ல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசிச் சோதனையில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று சொன்னது அந்தச் சோதனைதான், 15 ஆண்டுத் தொடர்கண்காணிப்பு 1999-ல் வெளிவந்தது. ஏன் தடுக்கவில்லை என்று இன்றைக்கும் உலகம் விவாதிக்கிறது. இதையெல்லாம் கொடுத்த ஊரிலிருந்து ஒரு பெண் இதே நோயைப் படிக்க வெளியேதான் போக வேண்டும் என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

காவேரியின் தலைப்பிலேயே சேத்துப்பட்டில் என்ஐஹெச்சோடு சேர்ந்து இயங்கிய மையத்திலிருந்து பல கட்டுரைகள் வந்திருக்கின்றன. ரிப்போர்ட் இந்தியா என்ற இந்திய அமெரிக்கக் கூட்டாய்வில் சேத்துப்பட்டு, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் மூன்றும் இருந்தன. நோயாளிகளைப் பல மாதம் தொடர்ந்து பார்த்துச் சேர்த்த ரத்த மாதிரிகள் அந்த ஆய்வுகளில் இருக்கின்றன. வெளிநாட்டு ஆய்வகங்கள் ஏங்குகிற மாதிரிகள் அவை.

நிதி வழிகள்: மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான ஏஎன்ஆர்எஃப் நடத்தும் தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் இரண்டு ஆண்டு. முன்பு செர்ப் என்று இருந்ததுதான் 2024-ல் இதற்குள் போனது. வயது 35, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. தீசிஸ் கொடுத்துவிட்டுப் பட்டத்துக்குக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். டிபிடியின் (மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை) எம்.கே. பான் ஃபெல்லோஷிப் மூன்று ஆண்டு, மாதம் 75,000 ரூபாய், தனி ஆய்வு நிதியும் உண்டு. ரோட்டா வைரஸ் தடுப்பூசிக்கு உழைத்த குழந்தை மருத்துவரின் பெயரில் அது. ஐசிஎம்ஆருக்கு (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொந்த போஸ்ட்டாக் திட்டம் இருக்கிறது, அந்த நிறுவனங்களுக்குள்ளேயே வேலை. திட்ட நிதியில் ரிசர்ச் அசோசியேட்டாகச் சேர்ந்தால் 2023 முதல் 58,000, 61,000, 67,000 என்று மூன்று படிநிலை, அதோடு வீட்டு வாடகைப்படி.

எல்லாவற்றுக்கும் மேலே இந்தியா அலையன்ஸ். டிபிடியும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-ல் தொடங்கியது. எர்லி கரியர் ஃபெல்லோஷிப் ஐந்து ஆண்டு, சம்பளமும் ஆய்வுச் செலவும் உங்கள் பெயரிலேயே வரும். கேள்வி உங்களுடையது, வழிகாட்டி கூட இருப்பார். இந்தியாவில் போஸ்ட்டாக்குக்கு இதைவிட நல்லது இல்லை என்பது என் எண்ணம்.

அம்புஜம்_ஆய்வகம்:

செங்கை அண்ணா சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். ஃபெல்லோஷிப் கிடைத்தாலும் பணம் மாதா மாதம் வருவதில்லை. நான் ஒரு மத்திய நிதியில் போஸ்ட்டாக் செய்தபோது மாதக்கணக்கில் சம்பளம் வராமல் இருந்திருக்கிறேன். பணத்தைச் செலவழித்த கணக்கைக் காட்டும் பயனீட்டுச் சான்றிதழ் போகவில்லை, கையெழுத்து வரவில்லை, நிதியாண்டு முடிந்துவிட்டது, இப்படி ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். வாடகை வீட்டில், குழந்தையோடு, 33 வயதில் அப்பாவிடம் பணம் கேட்பது எவ்வளவு அவமானம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நாட்டுக்காக ஆராய்ச்சி செய்யுங்கள் என்று மேடையில் சொல்கிறவர்கள் இதைப் பேச வேண்டும். இளம் ஆய்வாளர் நாட்டை விட்டுப் போவதற்குத் தொகை குறைவு என்பதைவிட, சொன்ன தேதியில் வராது என்பதே பெரிய காரணமாக நான் பார்க்கிறேன்.

காவேரி, சேருகிற நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் போய், இதே ஃபெல்லோஷிப்பில் இப்போது இருப்பவருக்குக் கடைசியாக எப்போது பணம் வந்தது என்று விசாரியுங்கள். சில நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு ஈடுகட்டிக்கொள்கின்றன. அப்படி ஓர் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.

செங்கை:

அம்புஜம், மறுக்க ஒன்றுமில்லை. இது மாறாமல் இங்கேயே இருங்கள் என்று யாரையும் வற்புறுத்தும் உரிமை எனக்கும் இல்லை.

தரவுத்தச்சன்:

கொஞ்சம் வேறு கோணம். ஃப்ளோ சைட்டோமெட்ரி தெரிந்தவர் தரவை அலசும் ஆர் என்ற நிரல் மொழியை ஆறு மாதம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் சந்தையில் மதிப்பு பல மடங்கு. செல்களைத் தனித்தனியாக அளந்து எடுத்த ஒற்றைச் செல் தரவு மலைபோல் பொதுவெளியில் கிடக்கிறது, படித்து அர்த்தம் சொல்ல நோயெதிர்ப்பு தெரிந்த ஆள் இல்லை. என்னைப் போன்று கணினிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு டி செல் கூட்டத்தைப் பார்த்து இது சோர்ந்துபோன செல்லா, நினைவுச் செல்லா என்று உறுதியாகச் சொல்ல வராது. உங்களால் முடியும். தீசிஸ் தரவையே ஆரில் திரும்ப அலசி, நிரலைப் பொதுவில் போடுங்கள்.

காவேரிக்கரை:

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. நேற்று இரவே கட்டுரையை முன்பதிப்பாகப் போட கைடிடம் சம்மதம் வாங்கிவிட்டேன். கேள்வி என்று ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன்: சர்க்கரை நோயில் நுரையீரலுக்குள் போகும் டி செல்கள் ஏன் வேலையை விடுகின்றன, சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் அவை மீளுமா?

இரண்டு சந்தேகம். ஆய்வகத் தலைவருக்கு முதல் மின்னஞ்சலை எப்படி எழுதுவது? மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள், என் கைடைத் தவிர என் வேலையை அறிந்தவர் யாரும் இல்லை. அதற்கு என்ன செய்வது?

நுண்ணோக்கி:

இது நல்ல கேள்வி, போஸ்ட்டாக் கேள்வியேதான். மீளுமா என்ற பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதை நோயாளிகளிடம் கேட்க முடியும்.

மின்னஞ்சல் பற்றி. எனக்கு வாரம் தவறாமல் வருகிறவற்றில் பெரும்பாலானவை "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, உங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்" என்று தொடங்கும். அதே கடிதம் நூறு பேருக்குப் போயிருப்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும், திறப்பதோடு சரி. நீங்கள் பெயர் சொல்லி எழுதுங்கள். முதல் பத்தியில் அவர்களுடைய ஒரு கட்டுரையில் எந்தப் படம் உங்களை யோசிக்க வைத்தது, அதிலிருந்து உங்களுக்கு எழுந்த கேள்வி என்ன. இரண்டாவது பத்தியில் நீங்கள் கண்டுபிடித்தது என்ன, உங்கள் கைக்கு என்ன வரும். மூன்றாவதில் எந்த ஃபெல்லோஷிப்புக்கு, எந்தக் கடைசித் தேதிக்கு, உங்களோடு சேர்ந்து எழுத விரும்புகிறேன் என்று. பயோடேட்டா இரண்டு பக்கம். அந்த மூன்றாவது பத்திதான் பதில் வாங்கித் தரும். சம்பளம் கேட்டு வருகிறவருக்கும் சொந்த நிதியோடு வர முயற்சி எடுக்கிறவருக்கும் ஆய்வகத்தில் நடத்தப்படும் விதமே வேறாக இருக்கும். சொந்த ஃபெல்லோஷிப்பில் வந்தவர் ஒரு யோசனையைச் சொல்லி "இதை முயன்று பார்க்கிறேன்" என்றால் தடுக்க ஆளில்லை. பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

அம்புஜம்_ஆய்வகம்:

பரிந்துரைக்கு: நோயாளி மாதிரிகளை உங்களுக்குக் கொடுத்த மருத்துவர் ஒருவர் இருப்பாரே, கட்டுரையில் கூட்டு ஆசிரியராகக்கூட இருப்பார். அவரைக் கேளுங்கள். உங்கள் ஆய்வு ஆலோசனைக் குழு உறுப்பினர் இன்னொருவர். நம் ஊரில் "நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் செய்த வேலைகளைக் குறிப்பாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, இதில் நீங்கள் நேரில் பார்த்ததை உங்கள் சொற்களில் எழுதுங்கள் ஐயா என்று கேளுங்கள். ஒரே நடையில் மூன்று கடிதம் வந்தால் படிக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

யாழ்_கீற்று:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் மருத்துவ நுண்ணுயிரியல் விரிவுரையாளராக இருக்கிறேன், கலாநிதிப் பட்டம் அண்மையில் முடிந்தது. எங்கள் நாட்டில் போஸ்ட்டாக் என்ற படிநிலையே பெரிதாக இல்லை. பட்டம் முடிந்ததும் நேரே கற்பித்தலுக்குள் போய்விடுகிறோம், ஆய்வுகூடத்தில் நிற்க நேரம் கிடைப்பதில்லை. மேலே சொன்ன இந்திய வழிகள் இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் பொருந்துமா?

பெர்லின்_மழை:

பொருந்துபவை உண்டு. வளரும் நாடுகளின் விஞ்ஞானிகள் இந்தியாவில் வந்து ஆய்வு செய்வதற்கென்றே டிபிடியும் ட்வாஸ் என்ற வளரும் நாடுகளுக்கான அறிவியல் அமைப்பும் சேர்ந்து போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் தருகின்றன, அது உங்களுக்காகவே இருப்பது. இந்தியா அலையன்ஸில் குடியுரிமை பார்ப்பதில்லை, ஆய்வு இந்தியாவில் நடந்தால் போதும். மேரி க்யூரி எல்லா நாட்டவருக்கும் திறந்தது. ஜப்பானின் ஆய்வு நிதி அமைப்பான ஜேஎஸ்பிஎஸ் இரண்டு ஆண்டு வரை மாதம் 3,62,000 யென் தருகிறது, பிஎச்டி முடித்து ஆறு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். விரிவுரையாளர் பணியிலிருந்து விடுப்பு வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தக் கால அளவு வசதி.

நெல்லை_மருத்துவன்:

நான் எம்.டி. சமூக மருத்துவம். எங்களுக்கு பிஎச்டி இல்லை, அதனால் போஸ்ட்டாக் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியா அலையன்ஸில் மருத்துவர்களுக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் தனிப் பிரிவு இருக்கிறது, எம்.டி.யோடு விண்ணப்பிக்கலாம். 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். நோய் கண்டறிந்த உடனே எடை, ஆக்சிஜன், நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தான நிலையில் இருப்பவரை அன்றே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். ஆய்வுக்கூடமே இல்லாமல் ஓர் ஆய்வுக் கேள்வி உயிரைக் காப்பாற்றும் நடைமுறையாக மாறியிருக்கிறது. சுகாதார அறிவியல் படித்த செவிலியர், இயன்முறை மருத்துவர், புள்ளியியலாளர் எல்லோருக்கும் இதில் இடம் உண்டு.

மூன்றாம்_கதவு:

காசநோய்க் கிருமியோடு உயிருள்ள நிலையில் வேலை செய்ய பிஎஸ்எல்-3 என்ற உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். நான் அப்படி ஓர் ஆய்வகத்தை மேலாண்மை செய்கிறேன். யாரும் சொல்லாததால் சொல்கிறேன். புதிதாக வருகிறவர் பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, முகக்கவசப் பொருத்தச் சோதனை, மேற்பார்வையில் வேலை என்று தாண்டி, தனியாக உள்ளே போக மாதங்கள் ஆகும். வருடாந்திரப் பராமரிப்புக்கு மூடினால் அது வேறு. இரண்டு ஆண்டு ஃபெல்லோஷிப்பில் இது பெரிய பங்கு. இன்டர்வியூவில் பிஎஸ்எல்-3 இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் ஆய்வகத்துக்கு வாரத்தில் எத்தனை நாள் ஒதுக்கீடு, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், உள்ளேயே செல் பிரிக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். கருவி வெளியே இருந்தால் கிருமியைக் கொன்ற பிறகுதான் மாதிரியை எடுத்துப்போக முடியும், உயிருள்ள டி செல்லைப் பிரித்தெடுக்கும் உங்கள் சோதனை அங்கேயே நின்றுவிடும். இன்னொரு குழந்தைக்கு யோசனை இருந்தால் கர்ப்ப காலத்தில் உள்ளே போவது பற்றி அந்த நிறுவனத்தின் விதியையும் முன்பே படித்துவிடுங்கள்.

காவேரிக்கரை:

மூன்றாம் கதவு, இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. குறித்துக்கொண்டேன்.

கணவரோடு உட்கார்ந்து பேசினேன். மூன்று ஆய்வகத்துக்கு எழுதப் போகிறேன்: டர்பன், பெர்லின், அப்புறம் சென்னை. சென்னையில் தேசிய போஸ்ட்டாக்குக்கும், மற்ற இரண்டில் எம்போவுக்கோ மேரி க்யூரிக்கோ பொருந்துவதற்கும். செப்டம்பருக்குள் வைவா (தீசிஸுக்கான வாய்மொழித் தேர்வு) முடியாவிட்டால் மேரி க்யூரி கை நழுவிவிடுமா?

பெர்லின்_மழை:

காவேரி, ஒரு திருத்தம். மேரி க்யூரி டர்பனுக்கு உதவாது. ஐரோப்பாவுக்கு வெளியே போகும் பிரிவு அங்கத்திய குடிமக்களுக்கும் நீண்டநாள் வசிப்பவர்களுக்கும் மட்டும். டர்பன் தலைவரிடம் அங்கே என்ன நிதி இருக்கிறது என்று நேராகவே கேளுங்கள்.

பெர்லினுக்குப் பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க வேண்டாம். கடைசித் தேதிக்குள் வைவா வெற்றிகரமாக முடிந்திருந்தால் போதும், பட்டம் கையில் இல்லாவிட்டாலும் ஏற்பார்கள். அதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து எழுத்தில் சான்று வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டுத் தேர்வாளரின் அறிக்கை வருவதில்தான் மாதங்கள் கரையும். தேர்வாளர் பட்டியலை அனுப்பும்போதே சீக்கிரம் பதில் தருகிறவர்கள் யார் என்று கைடிடம் பேசிவிடுங்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் உங்கள் கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்று மாதம் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள், தொலைபேசியில் கேட்டால் நகராது.

ஒரு பக்கத் திட்ட வரைவு தயாரானதும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நுண்ணோக்கியும் பார்த்தால் இன்னும் நல்லது.

நுண்ணோக்கி:

கட்டாயம். எனக்கும் அனுப்புங்கள், வரிக்கு வரி திருத்தித் தருகிறேன்.